பஞ்சுக்கைக்காரர் கம்ப்யூட்டரைத் திறந்த நாள்

என் வீட்டுக்காரர் காலிங்பெல் அடித்தால் சத்தம் வராது. பெல்லில் ஒரு கோளாறும் இல்லை. எதிர் வீட்டுக்காரி அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். இவர் அடித்தால் மட்டும் அது வாயைத் திறக்காது. மனுஷன் பையும் கையுமாக வாசலில் நின்றுகொண்டே இருப்பார். இன்னொரு தடவை அடிப்போம் என்று தோன்றவே தோன்றாது. அடித்த பெல்லையே திரும்ப அடித்தால் உள்ளே இருக்கிறவர்களுக்குத் தொந்தரவாம். நான் குப்பை கொட்டுவதற்காகக் கதவைத் திறந்தால், "வந்துட்டியா?" என்று சிரிப்பார். வந்தது யார், நானா அவரா?

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைவீதியில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, பஞ்சுக்கை என்றால் குழந்தைகூட வழி காட்டும். அத்தனை லேசான கை. நானே அந்தக் கடைக்கு உடைந்த கண்ணாடியோடு போனவள்தான். சரிசெய்து கொண்டுவந்து என் எதிரே நின்றார். நான் காத்திருந்தேன், காத்திருந்தேன், பொறுமை போய்விட்டது. "எப்ப மாட்டுவீங்க?" என்று கேட்டேன். "மாட்டியாச்சு" என்றார். தொட்டுப் பார்த்தால் கண்ணாடி காதில் இருக்கிறது! அன்றைக்கு விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

இருக்கட்டும். அந்தக் கை கண்ணாடிக்கு நல்லது, குழந்தைகளின் மூக்குக்கு நல்லது. கம்ப்யூட்டருக்கு நல்லதா என்பதுதான் கேள்வி.

நான் படம் வரைகிறவள். பிஸ்கட் டப்பாவில் சிரிக்கிற பசு, பற்பசை அட்டையில் பல்லைக் காட்டுகிற முயல், இருமல் மருந்துப் பெட்டியில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆசாமி, எல்லாம் என் கைவரிசைதான். ஒன்றிலும் என் பெயர் இருக்காது. இருமுகிறவன் பெட்டியைத் திருப்பி, இதை வரைந்தது யாரென்றா பார்க்கப்போகிறான்? இப்படியே காலம் ஓடியது. போன வருஷம்தான் ஒரு பதிப்பகத்திலிருந்து குழந்தைகளுக்கு ஒரு படக்கதை கேட்டார்கள். கதையும் என்னுடையது, படமும் என்னுடையது. அட்டையில் கொட்டை எழுத்தில் என் பெயர். அட்டையின் மாதிரியை அனுப்பியிருந்தார்கள். அதை நான் எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

எல்லாப் பக்கமும் முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்துக்கு மட்டும் வண்ணம் பாக்கி. திங்கட்கிழமை காலையில் அச்சு ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் நான் அனுப்பியாக வேண்டும். வீட்டுக்காரர் ஒரு பக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை. காட்டு என்று கேட்டால்தானே? "முடிஞ்சதும் நீயே காட்டுவே" என்று இருந்துவிட்டார். நானும் காட்டவில்லை. அச்சாகி வந்த பிறகு கையில் கொடுத்து, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வைத்திருந்தேன்.

வரைவதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். என் தம்பி ஒரு காலத்தில் பாகம் பாகமாக வாங்கி மாட்டிக் கொடுத்த பெட்டி. கிழடு தட்டிவிட்டது. கரடிக்குப் பழுப்பு நிறம் கொடு என்றால் உட்கார்ந்து யோசிக்கும். நான் போய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தாலும் யோசித்துக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் மக்கர் பண்ணியது. எனக்கு வந்ததே கோபம்! "இன்னொரு தடவை சுத்திக்கிட்டு நின்னே, மாடியிலேருந்து தூக்கிப் போட்டுடுவேன்!" என்று கத்தினேன். கம்ப்யூட்டரைத்தான் திட்டினேன். பக்கத்து அறையில் இருந்தவர் காதில் விழுந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை. காலையில் காபியோடு வேலை அறைக்குப் போனால், என் மேசை காலி. பெட்டி சாப்பாட்டு மேசையில் மல்லாந்து கிடந்தது. ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி, குடலெல்லாம் வெளியே தெரிந்தது. அடியில் வெள்ளைத் துண்டு. கழற்றிய திருகாணிகள் சின்னச் சின்னக் கிண்ணங்களில் அளவு வாரியாக இருந்தன. நடுவில் என் வீட்டுக்காரர், கண்ணில் கடையில் மாட்டுகிற பூதக்கண்ணாடி லென்ஸோடு.

"என்னங்க இது?"

"பதறாதம்மா. முடிஞ்சிடுச்சு."

"எது முடிஞ்சிடுச்சு?"

"புது ரேம் வாங்கியிருந்தேன். படம் வரையறதுக்குன்னே ஒரு கிராபிக்ஸ் கார்டும் வாங்கினேன். ரெண்டையும் மாட்டிட்டேன். இனிமே நீ பாத்திரம் கழுவ எழுந்து போக வேண்டாம், வரைஞ்சுக்கிட்டே இருக்கலாம்."

ரேம் என்பது ஒரு சாண்கூட இல்லாத பட்டை. அது பெரிதாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் நிறைய வேலையை ஒரே நேரத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். அதெல்லாம் சரி.

"இன்னைக்கா? இன்னைக்கேதான் பண்ணணுமா?"

"இன்னைக்குத்தானே உனக்கு அவசரம்?" என்றார்.

நியாயமாகத்தான் தெரிந்தது. பட்டனை மட்டும் நான் போட்டேன். உள்ளே ஃபேன் சுற்றியது. குட்டி விளக்குகள் எரிந்தன. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். பீப், பீப், பீப். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி பீப், பீப், பீப்.

"என்ன சொல்லுது?"

"தெரியல. ஆனா ஏதோ சொல்லுது" என்றார் ஆர்வமாக.

அவர் நிதானத்தை இழக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மானிட்டர் வயரைப் பிடுங்கி மாட்டினார். கரண்ட் வயரைப் பார்த்தார். புதுக் கார்டைக் கழற்றிவிட்டுப் பழசை வைத்தார், பீப் பீப் பீப். புது ரேமை எடுத்துவிட்டுப் பழைய பட்டைகளையே திரும்ப வைத்தார், பீப் பீப் பீப். ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்து, பட்டையை ஓரத்தில் பிடித்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மானிட்டர்தான் கண்ணைத் திறக்கவில்லை.

"பழசப் போட்டாலும் வரலையே" என்று அவர் சொன்னபோது, முதல் தடவையாக அவர் குரல் இறங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பதிப்பகத்து அம்மா போன் பண்ணினார். "கடைசிப் பக்கம் ரெடியாம்மா? ஆறு மணியத் தாண்டிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அந்த இடத்துல சமையல் புத்தகத்த ஏத்திடுவாங்க. உங்களுத அப்புறம் பார்க்கலாம்."

அப்புறம் என்கிற ஊருக்குப் போன என் படங்களில் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. "வந்துடும்மா, வந்துடும்" என்று இனிக்க இனிக்கப் பேசிவிட்டு போனை வைத்தேன்.

தம்பியைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கேதான் ஒரு சிக்கல். அவன் ஒரு ஆபீஸில் நூறு கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். கெட்டிக்காரன், ஆனால் அவசரக் குடுக்கை. கொஞ்ச நாள் முன்னால் வீட்டுக்கு வந்திருந்தபோது இவர் ஆசையாகக் கேட்டார், "மாப்ளே, அந்தப் பெட்டிக்குப் புது ரேம் நானே மாட்டட்டுமா?" அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உங்க பஞ்சுக்கைக்கு அதெல்லாம் சரிப்படாது மாமா. நீங்க தள்ளி நின்னு வேடிக்கை பாருங்க, போதும்" என்றான். இவரும் கூடச் சிரித்தார். ஆனால் அன்றையிலிருந்து இரண்டு பேருக்கும் நேர்ப் பேச்சு கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான். சண்டையென்று கேட்டால் இரண்டு பேருமே இல்லை என்பார்கள்.

"தம்பி, கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேங்குதுடா."

"யாரு திறந்தது?"

"யாரும் திறக்கல. மாமாதான்."

மறுமுனையில் ஒரு செருமல். சிரிப்பை அடக்குகிறான் என்று எனக்குத் தெரியாதா?

"ஃபேன் சுத்துதான்னு கேளு."

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "ஃபேன் சுத்துதான்னு கேக்குறான்" என்றேன்.

"சுத்துதுன்னு சொல்லு."

"சுத்துதாம்."

"ரேமை நல்லா அழுத்திப் போட்டாரா?"

"அழுத்தித்தான் போட்டேன்னு சொல்லு. ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா."

"அழுத்திட்டாராம்டா. பழசத் திரும்பப் போட்டும் வரல."

"பழசு நேத்து வரைக்கும் ஓடிச்சு, இல்ல? அப்ப ரேம்ல கோளாறு இல்லக்கா. மதர்போர்டு போச்சு."

மதர்போர்டு என்றால் எல்லாவற்றையும் தாங்குகிற பெரிய பலகை. அது போனால் எல்லாம் போன மாதிரிதான். வீட்டுக்காரர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"படமெல்லாம் டிஸ்க்ல பத்திரமா இருக்கும்க்கா. நாளைக்கு ஆபீஸ்ல போட்டு எடுத்துத் தரேன்."

"நாளைக்கு எடுத்து என்ன, நாக்கு வழிக்கவா? கடைசிப் பக்கம் இன்னும் முடியலடா! நான் வரையுற புரோகிராம் இந்தப் பெட்டியில மட்டும்தான் இருக்கு!"

"சரி சரி, கத்தாத. வரேன். ஊரோட அந்தக் கோடியிலேருந்து வரணும், நேரமாகும்."

போனை வைத்ததும் என் கோபத்துக்கு எதிரே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். "தொட்டா தொட்டதே தெரியாதுன்னு கடைவீதியே உங்களப் பத்திப் பெருமை பேசுதே! இப்பத் தெரியுது பாருங்க, நல்லாத் தெரியுது, நீங்க தொட்டது!"

அவர் மேசைப் பக்கம் திரும்பினார். கிண்ணங்களில் இருந்த திருகாணிகளைச் சரிபார்த்தார். துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே உன் சாமான் எதையும் நான் தொடலம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கூடப் பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். இந்த வாயைத்தான் தைக்க வேண்டும்.

மத்தியானம் பெல் அலறியது. விரலை எடுக்காமல் அழுத்தினால்தான் அப்படிக் கத்தும். தம்பிதான்.

"எங்க பேஷன்ட்?" என்று செருப்பை இரண்டு திசையில் உதறிவிட்டு நேராக மேசைக்குப் போனான். பையிலிருந்து என்னென்னவோ எடுத்தான். வேறொரு பவர் சப்ளையை இணைத்துப் பார்த்தான். வயர்களைப் பிடுங்கினான், மாட்டினான், ஊதினான், தட்டினான். கிண்ணங்களில் இரண்டைக் கவிழ்த்தான். வீட்டுக்காரர் குனிந்து திருகாணிகளைப் பொறுக்கி மறுபடி அளவு பார்த்துப் போட்டார்.

"அக்கா, டார்ச்ச கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டச் சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் டார்ச் திரும்பியது. இன்னும் கொஞ்சம் கீழே என்று அவன் நினைத்தான் போலிருக்கிறது, அவன் கேட்காமலே வெளிச்சம் கீழே இறங்கியது. இப்படி ஒத்துப்போகிறவர்களுக்கு இடையில் நான் எதற்குத் தபால்காரி?

பீப், பீப், பீப்.

மணி நாலைத் தாண்டியது. கடைசிப் பக்கத்துக்கு எனக்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது வேண்டும். தம்பி தலையைச் சொறிந்தான். "இந்தக் காசு மாதிரி இருக்குற பேட்டரிய மாத்திப் பார்த்துடலாம். அதுக்கும் வரலேன்னா, மதர்போர்டுதான், மனசத் தேத்திக்கோ." வீட்டுக்காரர் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

போனவர் போனவர்தான். கடை எட்டிப்பிடிக்கிற தூரம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தேன். பேட்டரி வாங்கப் போனாரா, செய்யப் போனாரா? ஒரு கட்டத்தில் தாங்காமல், நானே போய்ப் பார்க்கிறேன் என்று கதவைத் திறந்தேன்.

வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையில் பேட்டரி.

"வந்துட்டியா?" என்றார்.

"எவ்வளவு நேரமா நிக்குறீங்க?"

"இப்பத்தான், கொஞ்ச நேரமா. பெல் அழுத்தினேனே."

"அழுத்தினீங்களா?"

"நல்லா அழுத்தினேம்மா. ரெண்டு தடவை. உள்ள அவசர வேலையாச்சேன்னு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. காலையில் தம்பியோடு போன் பேசும்போது இவர் சொன்ன அதே வார்த்தை. அழுத்தித்தான் போட்டேன், ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா.

"இப்ப அழுத்துங்க. என் கண் முன்னாடி."

அவர் ஆள்காட்டி விரலை நீட்டினார். பட்டன்மேல் வைத்தார். எடுத்தார். பெல்லுக்கு விஷயமே தெரியாது.

"அடப் பாவி மனுஷா!" என்று நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. "தம்பி! டேய் தம்பி! அந்த ரேமப் பாருடா! இவரு அழுத்துனேன்னு சொன்னார்னா அழுத்தலன்னு அர்த்தம்டா!"

நான் உள்ளே ஓடியபோது அவன் வயர்க் கட்டை ஒதுக்கி டார்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அய்யோ அக்கா" என்றான். "ரெண்டு பக்கக் கொக்கியும் திறந்தே நிக்குது. பட்டை சும்மா மேல சாய்ஞ்சுக்கிட்டு இருக்கு. கார்டும் பாதிதான் ஏறியிருக்கு."

பட்டை சரியாக உட்கார்ந்தால் கொக்கி தானாகவே மூடிக்கொள்ளுமாம். புதுசைப் போட்டபோதும் மூடவில்லை, பழசைப் போட்டபோதும் மூடவில்லை. இரண்டையும் வைத்தது ஒரே கைதானே? பழசும் வரவில்லை என்றதும் பலகைமேல் பழியைப் போட்டுவிட்டோம்.

"ஏண்டா, நூறு கம்ப்யூட்டருக்கு டாக்டர்! வந்து இவ்வளவு நேரமா உனக்கு இது கண்ணுல படலையா?"

"மாமா பொய் சொல்ல மாட்டாரேக்கா! அழுத்தினேன்னாரு, நம்பித் தொலைச்சுட்டேன்" என்று அவன் கையை உள்ளே நீட்டினான்.

"கையை எடு."

"என்னக்கா? ஒரு அழுத்து, ஆச்சு."

"அவரு பண்ணட்டும்."

"அக்கா, மணியப் பாரு!"

மணி எனக்குத் தெரியும். என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிற அட்டையும் எனக்குத் தெரியும். ஆனால் இனிமே எதையும் தொடமாட்டேன் என்று ஒரு மனுஷன் சொல்லிவிட்டு, இப்போது கதவோரமாகவே நின்றுகொண்டிருக்கிறார். தம்பி அழுத்தினால் கம்ப்யூட்டர் எழுந்துவிடும், இவர் எழுந்திருக்க மாட்டார். அப்புறம் இவரை யார் ரிப்பேர் பண்ணுவது?

"வாங்க இங்க" என்றேன். "உங்க புது ரேமையே போடுங்க. கார்டையும்தான்."

"வேண்டாம்மா. மாப்ளே போடட்டும்."

"வாங்கன்னா வாங்க!"

வந்தார். கையைத் துடைத்தார். பட்டையை அதன் பள்ளத்துக்கு நேராக வைத்தார், அணுவளவு பிசகவில்லை. அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கட்டைவிரல்களை மேலே வைத்து, எப்போதும்போலத் தொட்டார்.

"இன்னும்" என்றேன்.

"உடைஞ்சிடும்."

"உடையாது மாமா" என்றான் தம்பி. நேராக அவரைப் பார்த்துத்தான் சொன்னான். "நானும் எத்தனையோ போட்டிருக்கேன், ஒண்ணுகூட உடைஞ்சதில்ல. அன்னைக்கு நான் சிரிச்சேன்ல? அந்தக் கோவத்த இதுல காட்டுங்க."

"எனக்கு உன் மேல கோவம் இல்ல மாப்ளே."

"பொய் சொல்ல வராத ஆளு, ஏன் மாமா முயற்சி பண்றீங்க?"

வீட்டுக்காரர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, தோளிலிருந்து பலத்தை இறக்கி, ஒரு அழுத்து அழுத்தினார்.

டக்.

அவரே பயந்து கையை எடுத்துவிட்டார். கொக்கி இரண்டு பக்கமும் மூடியிருந்தது. அடுத்த பட்டை, டக். கார்டு, டக். மூன்றாவது சத்தத்தில் மனுஷனுக்கு ருசி தட்டிவிட்டது. இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பெட்டிக்குள் தேடினார். "போதும் மாமா, பலகையப் பேத்துடாதீங்க!" என்று தம்பி கையைப் பிடித்து இழுத்தான்.

பட்டனையும் அவரையே போடச் சொன்னோம். அழுத்தினார் பாருங்கள், பெட்டியே பின்னால் நகர்ந்தது.

ஒரே ஒரு பீப். மானிட்டர் கண்ணைத் திறந்தது.

நான் அழவில்லை. கண்ணாடியில் ஏதோ படிந்துவிட்டது, அவ்வளவுதான். அது தூரப் பார்வைக்குத்தான், கிட்டத்தில் வரைய வேண்டாம். கழற்றி மேசைமேல் எறிந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். திற என்பதற்குள் திறந்துவிட்டது! பழுப்பு கேட்டால் பழுப்பு, நிழல் கேட்டால் நிழல். எழுந்து போகவே நேரம் தரவில்லை. சும்மா சொல்லக் கூடாது, நல்ல சாமானாகத்தான் வாங்கியிருந்தார். தம்பி தரையில் உட்கார்ந்து திருகாணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான், அதுவும் அளவு வாரியாக. வண்ணம் தீட்டி முடித்து நான் திரும்பியபோதுதான் பார்த்தேன், வீட்டுக்காரர் என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சில் காட்டுவதாக இருந்த என் ஆசை அத்தோடு போயிற்று.

கதை இதுதான். ஒரு நத்தைக்குப் பார்வை மங்கல். பஸ்ஸின் பலகையைப் படிக்க முடியாமல் எப்போதும் தப்பான பஸ்ஸில் ஏறிவிடும். கண்ணாடி மாட்டிவிட யானை வரும், குரங்கு வரும். யார் விரல் பட்டாலும் நத்தை பயந்து ஓட்டுக்குள் போய்விடும். கடைசியில் கடைவீதியில் ஒரு கரடி. அகலக் கை, ஆனால் பஞ்சு. கடைசிப் பக்கத்தில் கரடி குனிந்து நிற்கிறது, நத்தை கண்ணாடியோடு நிமிர்ந்து பார்க்கிறது. கீழே இரண்டே வரி.

"எப்ப மாட்டுவீங்க?" என்றது நத்தை.

"மாட்டியாச்சு" என்றது கரடி.

வீட்டுக்காரர் படித்தார். திரும்பவும் படித்தார். கடைக்காரர் முகம் என்பது எளிதில் எதையும் காட்டிக்கொடுக்காது. என்ன சொல்லப்போகிறார்?

"ஏம்மா" என்றார், "நத்தைக்குக் காது ஏது?"

"என்னது?"

"காது இல்லையே. கண்ணாடி எதுல நிக்கும்? அது ரெண்டு அடி நடந்தா கீழ விழுந்துடுமே."

"கதைங்க அது! கரடி கடை வச்சிருக்கு, அத விட்டுட்டு நத்தை காதப் பத்திக் கேக்குறீங்களே! மணி ஆறாகப்போகுது!"

"ஆகட்டும். விழுற கண்ணாடியோட என் கடைய விட்டு யாரும் வெளிய போனதில்ல." குரல் உயரவில்லை, ஆனால் நகர்வதாகவும் இல்லை. திரையில் விரலை வைத்தார். நல்ல அழுத்தமாகவே வைத்தார், விரல் அடையாளம் அப்புறமும் இருந்தது. "பின்னால ஒரு கயிறு போடு. காதுல நிக்காத குழந்தைங்களுக்கு நாங்க கயிறுதான் கட்டுவோம். ரொம்ப இறுக்காத, பாவம், வலிக்கும்."

கல்யாணமானதிலிருந்து இந்த மனுஷன் என்னிடம் எதற்கும் பிடிவாதம் பிடித்ததில்லை. பிடிக்கத் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள்! தம்பி தரையிலிருந்து, "போட்டுடுக்கா, மாமா விடமாட்டார்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு கயிறு போட்டேன். நீலக் கயிறு, கொஞ்சம் தளர்வாக. போட்டுப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது, அதுவரை அந்தக் கண்ணாடி வரைந்த கண்ணாடியாக இருந்தது, இப்போதுதான் நத்தையுடையது ஆயிற்று. அதை அவரிடம் ஒத்துக்கொள்ளவா முடியும்? "திருப்தியா?" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினார்.

ஆறு அடிக்கச் சற்று முன்னால் எல்லாப் பக்கங்களும் போய்ச் சேர்ந்தன. பதிப்பகத்து அம்மா உடனே பதில் அனுப்பினார். வந்துவிட்டது, கயிறு ரொம்ப அழகு என்று. அதை நான் சத்தமாகப் படித்திருக்கக் கூடாது. மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே! காலையில் நேராகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் இப்போது ஒரு கட்சி. தம்பி பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "மாமா, அடுத்த ஞாயிறு எங்க வீட்டுப் பெட்டிக்கும் ரேம் போடணும், நீங்கதான் வந்து அழுத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தேன். வீட்டுக்காரர் மேசைமேல் எறிந்திருந்த என் கண்ணாடியை எடுத்து, சட்டைப்பையில் இருந்த துணியால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொரு தடவை துடைத்தார். பிறகு என் எதிரே வந்து நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"எப்ப மாட்டுவீங்க?"

"மாட்டியாச்சு."

கண்ணைத் திறந்தேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டு, ஏதோ கேட்கத் தயங்கி நின்றார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"அந்தக் கரடிக்கு..." என்று இழுத்தார். கை தானாகத் தன் வயிற்றைத் தடவியது. "அவ்வளவு பெரிய தொப்பை வேணுமா?"